மஞ்சள் கிழங்கின் குறுக்குவெட்டு

மஞ்சள் கறை துணியில் பட்டால் வெயிலில் போட்டுப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். கையில் பட்டால் தானாகவே மங்கி ஒருநாள் காணாமல் போய்விடும். சவுக்காரம் போட்டுத் தேய்த்தால் மட்டும் அது சிவப்பாக மாறி நகக்கண்ணில் நின்றுகொள்ளும். என் வயதுப் பெண்களுக்கு இதையெல்லாம் சொல்லித் தர வேண்டியதில்லை. அம்மியில் அரைத்தவர்கள் நாம். இப்போது பாக்கெட்டைக் கத்தரித்துக் கொட்டுகிறோம். அதற்கே கை வலிக்கிறது.

ஒரு தை மாதம் தொடங்கிப் பங்குனி வரைக்கும் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெரிய கதை ஒன்றும் இல்லை. யாரும் சாகவில்லை, யாரும் ஓடிப்போகவில்லை. என் அத்தை கல்லூரியில் தாவரவியல் படித்தாள், பரீட்சைக்காக மஞ்சள் கிழங்கை வெட்டினாள், அவ்வளவுதான். அறுபதுகளின் கடைசியில் அது அவ்வளவுதான் என்று விட்டுவிடக்கூடிய காரியமாக இல்லை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அப்பா அப்போது பினாங்கில் ஒரு கடையில் வேலையாக இருந்தார். காரைக்குடி வாடகை வீட்டில் அம்மா, நான், அத்தை, அப்பாவின் அண்ணனான பெரியப்பா என்று நாலு பேர். பெரியம்மா முன்பே தவறிவிட்டார். பிள்ளைகள் இல்லை. பெரியப்பா காலையில் பஸ் ஏறி நாச்சியாபுரத்தில் இருந்த நிலத்தைப் பார்க்கப் போவார், சாயங்காலம் செம்மண் காலோடு திரும்புவார்.

அத்தைக்குக் கல்யாணமான வருஷமே மாப்பிள்ளை விஷக்காய்ச்சலில் போய்விட்டார். கண்டனூர்க்காரர். எனக்கு அவர் முகம் நினைவில்லை, அவர் வாங்கி வந்த பேரீச்சம்பழம்தான் நினைவிருக்கிறது. காரியமெல்லாம் முடிந்ததும் பெரியப்பா போய் அத்தையைக் கூட்டி வந்தார். கல்யாணத்துக்கு முன்னாலேயே பி.யு.சி. முடித்தவள் அவள். பள்ளிக்கூடம் கல்லூரியெல்லாம் திறந்த சமயம் பெரியப்பா அவளைக் கல்லூரிக்கு அழைத்துப் போனார். வரிசையில் நின்றதும் அவர்தான், கையெழுத்துப் போட்டதும் அவர்தான். "சும்மா உக்காந்திருந்தா அழுதுக்கிட்டேதான் இருப்பா. படிக்கட்டும்" என்றார். வெள்ளைச் சேலைக்காரியைக் கல்லூரிக்கு அனுப்புகிறாரே என்று தெருவில் பேசினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததை மட்டும் கேட்டால் அவரைத் தப்பாக நினைப்பீர்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தையிடம் ஒரு மரப்பெட்டி உண்டு. உள்ளே ஊதா வெல்வெட் ஒட்டியிருக்கும். இரண்டு ஊசி, ஓர் இடுக்கி, ஒரு சின்னத் தூரிகை, கண்ணாடிச் சில்லுகள், மடக்கிக் கைக்குள் வைத்துக்கொள்கிற லென்சு ஒன்று. திறந்தால் கிராம்புத் தைலம் மணக்கும். பல்வலிக்காரர்கள் வீடு மாதிரி இருக்கிறது என்று அம்மா சொல்வாள். கிழங்கு வெட்டுவதற்குப் பெரியப்பாவின் சவர பிளேடில் ஒரு பாதி. அதை அவரே ஒடித்துக் கொடுப்பார். அந்தப் பெட்டி எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. வீடு மாறியபோது கடைசியாகப் பார்த்தேன். வெல்வெட்டை யாரோ பிய்த்து எடுத்திருந்தார்கள். வெற்றுப் பலகையும் அதில் பசைத் தடமும் மட்டும் இருந்தன.

அது அத்தைக்குக் கடைசி வருஷம். மண்ணுக்குள் இருக்கும் தண்டுகளின் உட்புறம் அவளுக்குப் பாடம். மைக்ராஸ்கோப்பு கல்லூரியில்தான் இருந்தது. ஆனால் மெல்லிசாக வெட்டக் கை பழகவில்லையென்றால் மைக்ராஸ்கோப்பு இருந்தும் பிரயோசனமில்லை என்பாள். காலையில் கிணற்றடித் துவைகல்லில் உட்கார்ந்து வெட்டிப் பழகுவாள். வீட்டுக்குள் ஆத்தங்குடிக் கல் பாவிய தரை குளுகுளுவென்று இருக்கும். வெளிச்சம் போதாது என்று அதை விட்டுவிட்டு வெயிலுக்கு வந்துவிடுவாள்.

"உருளைக்கெழங்கு வேரா, தண்டா? சொல்லு பாப்பம்" என்று ஒருநாள் என்னைக் கேட்டாள்.

"மண்ணுக்குள்ள இருந்தா வேருதானே அயித்தே."

"இங்க பாரு, கண்ணு இருக்கா? அதுலேருந்து மொளை வருதுல்ல? ஒவ்வொரு கண்ணும் ஒரு கணு. இது தண்டுதான்டி. மண்ணுக்குள்ள கெடக்கு, அவ்வளவுதான்."

வெட்டிய வில்லையின் மேல் புண்ணுக்குப் போடுகிற டிங்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டாள். வெள்ளை வில்லை கண்ணெதிரே கருநீலமாயிற்று. தண்ணீர் இறைக்க வந்த அம்மா பார்த்துவிட்டு, "என்னடி, நல்ல கெழங்கைக் கெடுத்து வச்சிருக்கே?" என்றாள்.

"உள்ள மாவு இருக்குன்னு காட்டுது மதினி."

"மாவு இருக்குறது தெரியாமத்தான் இம்புட்டு நாளும் வறுத்துப் போட்டேனா?"

அப்புறம் சேப்பங்கிழங்கு வந்தது. பச்சையாக வெட்டியதில் எங்கள் இருவர் கையும் அரித்து வீங்கிவிட்டது. அம்மா புளி கரைத்து ஊற்றினாள். உள்ளே ஊசி ஊசியாகக் கட்டுக் கட்டாக இருக்கிறது, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரியும் என்று அத்தை சொறிந்துகொண்டே சொன்னாள். வெட்டி மிஞ்சியது எல்லாம் குழம்புக்குப் போயிற்று. அந்த நாட்களில் எங்கள் வீட்டுக் குழம்பில் கிழங்கெல்லாம் காகிதம் போல மிதக்கும்.

செய்முறைப் பரீட்சையில் சீட்டு எடுக்க வேண்டும். இஞ்சி, கல்வாழை, கோரை, மஞ்சள் என்று எது விழுகிறதோ அதன் கிழங்கைக் குறுக்கே வெட்டி, உள்ளே இருப்பதைக் காட்ட வேண்டும். மற்றவை அத்தைக்குத் தண்ணீர்பட்ட பாடு. கல்லூரியில் மஞ்சள் வெட்டிய வாரம் அவளுக்குக் காய்ச்சல். மஞ்சள் அவள் கையில் படவே இல்லை.

வீட்டில் மஞ்சள் இல்லாமல் இல்லை. பொங்கல் பானையில் இலையோடு கட்டிய மஞ்சள் கொத்தை அம்மா வழக்கம்போலக் கொல்லையில் சாக்கடையோரம் ஊன்றி வைத்திருந்தாள். அத்தை தினமும் அதைத் தாண்டித்தான் கிணற்றடிக்குப் போவாள். கேட்கவில்லை. தாலி அறுத்தவள் மஞ்சளைத் தொடக்கூடாது என்று அவளிடம் யாரும் சொன்னதாகவும் நினைவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது.

ஒரு காலை அத்தை புத்தகத்தில் இருந்த மஞ்சள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா களைக்கொட்டை எடுத்துக்கொண்டு போய் மண்ணைக் கிளறி, ஒரு விரல் கிழங்கை ஒடித்து, கழுவி, துவைகல்லின் மேல் வைத்தாள்.

"மதினி..."

"வெட்டத்தானே போறே. பூசிக்கவா போறே?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

முதல் வில்லைகள் தடியாகத்தான் விழுந்தன. பிளேடை நனைத்து நனைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு தன் பக்கமாக இழுத்தாள். பீங்கான் தட்டில் இருந்த தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாயிற்று. பச்சை மஞ்சளுக்கு ஒரு காரமான மண்வாசனை உண்டு, மூக்கில் நிற்கும். கடைசியில் ஒரு வில்லை தண்ணீரில் மிதப்பதே தெரியாத அளவுக்கு மெல்லிசாக வந்தது. அதைத் தூரிகையால் அள்ளிக் கண்ணாடிச் சில்லில் விட்டு, வானத்துக்கு நேராகப் பிடித்து, லென்சை என் கண்ணருகே கொண்டுவந்தாள்.

எனக்கு இப்போது பல விஷயம் மறந்துவிட்டது. அது மறக்கவில்லை. வெளியே பழுப்பாகத் தக்கை. அதற்குள் அகலமான ஒரு மஞ்சள் பட்டை, அங்கங்கே புள்ளிகள். அப்புறம் யாரோ கோடு கிழித்தது போல ஒரு வளையம். வளையத்தின் உள்விளிம்பை ஒட்டிப் புள்ளிகள் நெருக்கமாக நின்றன. அதற்கும் உள்ளே மறுபடி சிதறல்.

"அந்தப் புள்ளி எல்லாம் தண்ணியும் சாப்பாடும் போற குழாய்க் கட்டு. வேரா இருந்தா இப்புடிச் செதறிக் கெடக்காது" என்றாள் அத்தை. அவள் குரல் அன்றைக்கு வேறு மாதிரி இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் ஒரு பொருளைத் தானாக விரும்பிப் பார்த்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

தினமும் கொஞ்சம் வெட்டினாள். வெட்டி முடித்ததும் புளியால் கையைத் தேய்த்துக் கழுவிக்கொள்வாள். விரல் நுனியில் லேசான மஞ்சள் இருக்கும். அம்மா தவிர யாரும் அதைக் கவனிக்கவில்லை.

மாசியில் மாப்பிள்ளைக்குத் திதி வந்தது. திதியன்று அத்தையின் மாமியார் கண்டனூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருவார். ஒரே மகனைப் பறிகொடுத்தவர். கூன் விழுந்த, மெதுவாகப் பேசுகிற மனுஷி. அத்தையைக் குறையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு முறுக்கு கொண்டுவருவார். அன்று காலை அவசரத்தில் புளி கைக்கு அகப்படாமல், அத்தை துணி துவைக்கிற சவுக்காரத்தைப் போட்டுக் கையைத் தேய்த்துவிட்டாள். நகக்கண்ணெல்லாம் சிவந்துபோயிற்று. கழுவக் கழுவப் பரவியது. அதற்குள் வாசலில் ஆள் வந்துவிட்டது.

படையல் முடிந்து, சாப்பிட்டு, புறப்படும்போது அத்தையின் கைகள் இரண்டையும் பிடித்துக்கொள்வது அந்த அம்மாவின் வழக்கம். பிடித்தார். விட்டார். மறுபடி பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"என்னத்தா இது?"

"படிப்புக்கு அயித்தே. மஞ்சக்கெழங்கு வெட்டுனேன்."

"மஞ்ச வெட்டுனா மஞ்சளாவுல்ல இருக்கும். இது மருதாணி வச்ச மாதிரி செவந்துல்ல கெடக்கு."

அத்தை சவுக்காரம் என்று தொடங்கினாள். அந்த அம்மா கேட்கவில்லை. முற்றத்தில் நின்ற பெரியப்பாவைப் பார்த்துத் திரும்பினார். சத்தம் போடவில்லை.

"தம்பி, ஒங்க தங்கச்சிக்கு வேற எடம் பாத்துட்டீகன்னா எங்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் வேணாம்னா சொல்லப் போறேன்? எம்மகனுக்குச் சோறு வச்ச அன்னைக்கா இதை நான் பாக்கணும்?"

சமையலுக்கு ஒத்தாசையாக வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா அவர்களைத்தான் பார்த்தார். அத்தையைப் பார்க்கவில்லை.

மறுநாள் அவர் நிலத்துக்குப் போகவில்லை. முற்றத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, "இனிமே காலேசுக்குப் போக வேணாம்" என்றார். அத்தை புத்தகங்களோடு அப்படியே நின்றாள்.

தம்பி பெண்டாட்டி மூத்தவரோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து என்னிடம் பேசினாள். "ஏ குட்டி, பெரியப்பாகிட்டக் கேளு, பரீச்சை பக்கத்துல வந்துருச்சே, அதை மட்டும் எழுதிட்டு நிக்கட்டுமேன்னு."

அவருக்குக் காது கேட்கும். இருந்தாலும் நான் திருப்பிச் சொல்லும்வரை காத்திருப்பார். சொன்னேன்.

"ஒங்காத்தாகிட்டச் சொல்லு, இந்த வீட்டுல இன்னொரு பொம்பளைப்புள்ளை இருக்கு. நாளைக்கு இவளை எவன் வந்து கட்டுவான்?"

நான் கதவுப் பக்கம் திரும்பி அதையும் ஒப்பித்தேன். "நாளைக்கு என்னைய எவன் வந்து கட்டுவாங்குறாக." என்னை வைத்துத்தான் அத்தையின் படிப்பு நின்றது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. விளங்கிய பிறகும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அத்தை கிணற்றடிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் கண்ணாடிச் சில்லும் லென்சுமாகத் திரும்பி வந்து பெரியப்பாவின் முன்னால் முற்றத்து வெயிலில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, இதை ஒரு தடவை பாருங்க. நான் என்ன பண்ணேன்னு பாத்துட்டு அப்பறம் சொல்லுங்க."

அவர் மறுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு லென்சை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"வேருதானே இது?"

"இல்லண்ணே, தண்டு. கணு இருக்கு, செதில் இருக்கு. உள்ளயும் தண்டுக்கு உள்ளது மாதிரிதான் இருக்கு."

"இந்த வட்டம்?"

"அது உள்கூட்டையும் வெளிக்கூட்டையும் பிரிக்கிற வரி."

"அட! யாரோ போட்டது மாதிரி இருக்கு." சில்லைத் திருப்பித் திருப்பிப் பிடித்தார். "இம்புட்டு நாளா வெதைச்சு வெட்டி எடுத்துருக்கோம். உள்ள இப்புடின்னு பாத்ததில்லை." முகம் கொஞ்ச நேரம் சின்னப்பிள்ளை முகம் மாதிரி ஆயிற்று. அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தாள். காரியம் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

அவர் லென்சை மடக்கி அவள் கையில் கொடுத்தார்.

"நல்லாத்தான் இருக்கு ஆத்தா. நீ தப்புப் பண்ணலைன்னு எனக்குத் தெரியும். நேத்தே தெரியும். ஊருல இருக்கவுக அம்புட்டுப் பேருக்கும் இந்தக் கண்ணாடியைக் கொண்டுபோய்க் காட்ட முடியுமா?"

அத்தை எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள்.

அவர் லென்சைச் சரியாகப் பிடிக்கவில்லை, அதனால்தான் அப்படிச் சொன்னார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சரியாகப் பிடித்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார் என்று. அவர் எல்லாவற்றையும் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். இத்தனை வயதில் அதுதான் என்னை அசதியாக்குகிறது. தெரியாதவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம். தெரிந்துகொண்டே மாட்டேன் என்பவர்களிடம் என்ன சொல்வது? நீங்களும் சொல்லிப் பார்த்திருப்பீர்கள்.

அத்தை அழவில்லை, பட்டினி கிடக்கவில்லை. தூங்கினாள். பகலில் ஒருநாளும் படுக்காதவள், சாப்பிட்டதும் தரையில் சேலைத் தலைப்பை விரித்துப் படுத்தாள் என்றால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் எழுந்திருப்பாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து எழுப்பினால், "கொஞ்ச நேரம் இருடி" என்பாள். கன்னத்தில் தரைக்கல்லின் தடம் பதிந்திருக்கும். மரப்பெட்டி பரண் மேலே போய்விட்டது.

அம்மா அதைச் சில நாள் பார்த்தாள். ஒருநாள் பெரியப்பா நாச்சியாபுரம் பஸ் ஏறியதும், என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் கூட்டிக்கொண்டு கண்டனூருக்குப் போனாள்.

அத்தையின் மாமியார் அங்கே ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொண்டு அதன் பின்கட்டில் குடியிருந்தார். வீட்டுச் சொந்தக்காரர்கள் மெட்ராஸில் இருந்தார்கள், கல்யாணம் என்றால்தான் வருவார்கள். வரிசையாகப் பூட்டிய அறைகள். எங்கே நின்றாலும் வௌவால் நாற்றம். ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு தூண்களுக்கு நடுவில் அந்த அம்மா ஒரு சின்ன முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பயந்துபோய் எழுந்தார்.

"வாங்க தாயி. என்ன, யாருக்கும் மேலுக்கு முடியலையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா." அம்மா உட்கார்ந்தாள். மடியிலிருந்து ஒரு மஞ்சள் துண்டையும் ஒரு சவுக்காரத் துண்டையும் எடுத்தாள். மஞ்சளைத் தன் உள்ளங்கையில் தேய்த்தாள், தண்ணீர் தொட்டுச் சவுக்காரத்தைத் தேய்த்தாள். உள்ளங்கை சிவந்தது. "இதுதாம்மா அன்னைக்கு நடந்தது. பரீச்சைக்கு வெட்டுனா. கழுவத் தெரியாமக் கழுவிட்டா. வேற ஒண்ணுமில்லை."

அத்தையின் மாமியார் என் அம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதா தாயி? ஆரத்தி கரைக்காதவளா நானு? வீட்டுக்கு வந்து யோசிச்சப்பயே தெரிஞ்சிருச்சு. அன்னைக்கு எம்மகனுக்குப் படைச்ச எலையைப் பாத்துட்டு வந்தேனா, எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. வாயில வந்துருச்சு."

"அதுக்கப்பறம் அவளைக் காலேசுக்கு அனுப்பலைம்மா. பரீச்சை எழுதக் கூடாதுன்னுட்டாக."

"நெசமாவா?" முறத்தைக் கீழே வைத்தார். "நான் ஒரு வார்த்தைதானே சொன்னேன். ஒரு வார்த்தைக்கா படிப்பை நிறுத்துவாக?"

அவர் முகத்தில் இருந்தது ஆச்சரியம்தான். வாழ்நாள் முழுக்க யாரும் அவர் சொன்னதைக் கேட்டு ஒரு துரும்பையும் நகர்த்தியிருக்க மாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. முதன்முதலாக அவர் சொல் எடுபட்டது அந்தத் தடவைதான்.

மறுநாளே வந்தார். பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா நின்றபடியே சொன்னார்.

"தம்பி, நான் சொன்னது தப்பு. எம்மருமக பரீச்சை எழுதட்டும். எவளாச்சும் கேட்டா, மாமியாக்காரியே சொல்லிட்டாள்னு சொல்லுங்க."

பெரியப்பா சாப்பாட்டைப் பிசைந்தபடியே யோசித்தார். "பரீச்சை எழுதட்டும். ஆனா அந்த மஞ்சளைத் தொட வேணாம். அதைத் தவிர வேற எதை வேணா வெட்டட்டும்" என்றார். அத்தை தூணருகே நின்று, சரி என்று தலையாட்டினாள். அந்த நேரத்தில் எதற்கு வேண்டுமானாலும் தலையாட்டியிருப்பாள்.

பெட்டி பரணிலிருந்து இறங்கியது. இஞ்சியும் கல்வாழையும் கோரையும் வந்தன. மஞ்சள் கொத்து சாக்கடையோரத்தில் இலை காய்ந்து நின்றது. அம்மாவும் அதைத் தோண்டவில்லை. நான் மட்டும் பிள்ளையாரிடம் மஞ்சள் விழக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

பரீட்சையன்று அத்தை சாயங்காலம் திரும்பியபோது பெரியப்பா முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அவள் உள்ளே போகாமல் அவர் எதிரே நின்றாள்.

"அண்ணே, மஞ்சதான் விழுந்துச்சு. வெட்டிட்டேன்."

அவர் செம்பைக் கீழே வைத்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"வட்டம் முழுசா வந்துச்சா?" என்றார்.

"ஒரு பக்கம் கிழிஞ்சிருச்சுண்ணே. மத்தது வந்துச்சு."

"ம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசியதில்லை. மன்னித்தாரா, அலுத்துப்போய் விட்டுவிட்டாரா என்று எனக்குத் தெரியாது.

அடுப்படியில் அத்தை மீதியை அம்மாவிடம் சொன்னாள். வெளியூரிலிருந்து வந்த பரீட்சை அதிகாரி வயதானவராம், தன்மையானவராம். மஞ்சள் துண்டை எடுத்து வைக்கும்போதுதான் அவள் சேலையையும் நெற்றியையும் கவனித்திருக்கிறார். சங்கடப்பட்டுப்போய், யாருக்கும் கேட்காதபடி, "இதை விடுங்கம்மா, நீங்க இஞ்சியை வெட்டுங்க" என்று துண்டை மாற்றி வைத்தாராம்.

"நல்ல மனுசனாத்தானே தெரியுறாரு. வாங்கிக்கிட்டுப் பேசாம வெட்டியிருக்கலாமே. அண்ணன்கிட்டக் குடுத்த வாக்கும் நின்னுருக்கும். இஞ்சின்னா ஒனக்குச் சுளுவு வேற" என்றாள் அம்மா.

"ஆமா மதினி. நானும் அப்புடித்தான் நெனச்சேன். கையக்கூட நீட்டிட்டேன்." அத்தை தண்ணீர் குடித்தாள். "அப்பறம் என்னமோ அலுப்பா இருந்துச்சு. எல்லாரும் என் நல்லதுக்குன்னுதான் செய்யுறாக. எல்லாரும் என் நல்லதுக்குன்னு எதையாச்சும் எடுத்துட்டுப் போயிடுறாக. எனக்கு விழுந்ததையே வெட்டுறேன் சார்னு சொல்லிட்டேன். அதுக்கு அவரு மொகம் வாடிப்போச்சு. பாவமா இருந்துச்சு."

அம்மா அவளுக்குச் சோறு போட்டாள்.

அத்தை இரண்டாம் வகுப்பில் தேறினாள். அப்புறம் ஆசிரியப் பயிற்சி, சிவகங்கைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை. இன்னொரு டீச்சரோடு ஓட்டு வீட்டில் இருந்தாள். ஜெயித்துவிட்டாள் என்று அம்மா ஊரெல்லாம் சொன்னாள். நான் லீவுக்குப் போனால் விடைத்தாள் திருத்திக்கொண்டே பேசுவாள். வருஷா வருஷம் அதே பாடம், அதே கிழங்குகள், அதே பதில்கள். வெள்ளைச் சேலையை மாற்றும்படி கூட இருந்த டீச்சர் சொல்லிச் சொல்லிப் பார்த்தாராம். மாற்றவில்லை. "ஒருத்தரு எடுக்கச் சொல்லுவாக, ஒருத்தரு உடுத்தச் சொல்லுவாக. எல்லாருக்கும் பதில் சொல்லிக்கிட்டிருக்க முடியாதுடி" என்றாள்.

என்னைக் கட்டுவதற்கும் ஆள் வந்தது. எழுபதுகளின் கடைசியில் என் கல்யாணம் நடந்தது. அப்பா பினாங்கிலிருந்து திரும்பியிருந்தார். அத்தை முதல் பஸ்ஸில் வந்து, நேராகப் பின்கட்டுக்குப் போய்க் காய் நறுக்குகிறவர்களோடு உட்கார்ந்துகொண்டாள். மணையிலிருந்து பார்த்தால் நேர்கோட்டில் கதவு கதவாகக் கடந்து அவள் தெரிந்தாள். தாலி கட்டுகிற நேரத்துக்குச் சற்று முன்னால் பெரியப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவளிடம் போனார். காலம் மாறியிருந்தது, அவருக்கும் வயதாகியிருந்தது. என்ன பேசினார்கள் என்று அம்மா பிறகு சொன்னாள்.

"வா ஆத்தா, முன்னாடி வந்து நில்லு. நான் கூப்புடுறேன்ல. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக."

"இருக்கட்டும்ணே. இங்கனயே இருந்துக்கிறேன்."

அவர் திரும்பி வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அவளுக்குப் பக்கத்தில் கிடந்த பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டார். மேளம் உச்சத்துக்குப் போயிற்று. எனக்குத் தாலி ஏறியபோது முன்வரிசையில் அவர்கள் இரண்டு பேருமே இல்லை.

அத்தை முதல் பந்தியில் சாப்பிட்டாள். மறுநாள் பள்ளிக்கூடம், மத்தியான பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். எனக்குக் கோபம் தாங்கவில்லை.

"ஏன் அயித்தே வரலை? பெரியப்பாவே வந்து கூப்புட்டாகளே."

"கூப்புட்டாகதான்." என் மாலையில் திரும்பிக் கிடந்த ஒரு பூவை நேராக்கினாள். "கூப்புட மாட்டாகளான்னு நான் காத்துக்கிட்டிருந்தப்ப யாரும் கூப்புடலை. இப்ப எனக்குக் காலு வலிக்குதுடி."

பையை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போனாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். வயதானவள், முடியாதுதான் என்று நினைத்து அதற்குமேல் நான் கோபப்படவில்லை. இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். அன்றைக்கு அவளுக்கு முப்பத்துமூன்று வயதுகூட இருந்திருக்காது.